கியர் ஆயிலில் தண்ணீர்: எந்த வழியாக உள்ளே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீர்க்கோடு:
வணக்கம். என்னிடம் இருப்பது 40 எச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் எஞ்சின். பழையதுதான், ஆனால் எஞ்சின் பக்கம் ஒரு குறையும் சொல்ல முடியாது. நேற்று கியர் ஆயில் மாற்றலாம் என்று கீழ் ஸ்க்ரூவைக் கழற்றினால் ஆயில் பால் மாதிரி வெளுத்து, கொஞ்சம் சாம்பல் நிறமும் கலந்து கெட்டியாக இறங்குகிறது. மேல் ஸ்க்ரூவையும் கழற்றிய பிறகு வந்த மிச்சமும் அதே நிறம். தனித் தண்ணீராக ஒன்றும் வரவில்லை. ஸ்க்ரூவில் இருக்கும் காந்தத்தில் மை மாதிரி கறுப்புப் பசை ஒட்டியிருந்தது, விரலில் தேய்த்துப் பார்த்தேன், துகள் எதுவும் தட்டுப்படவில்லை. போன தடவை மாற்றியபோது ஆயில் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கும் இதற்கும் நடுவில் நடந்த ஒரே வேலை வெளியே கொடுத்து வாட்டர் பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) மாற்றியது.

தெரிந்தவர் ஒருவர் "ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சீல்தான், கண்ணை மூடிக்கொண்டு மாற்று" என்கிறார், அதாவது ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம். இன்னொருவர் "உள்ளே காற்று குளிர்ந்து வேர்த்த தண்ணீர், ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டு" என்கிறார். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்ய விருப்பமில்லை. எங்கே ஆரம்பிக்கலாம்?

கரைவலை:
பதற வேண்டாம். புது ஆயில் ஊற்றிச் சில முறை ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். லேசாக வெளுத்திருந்தால் சீசன் முடியும்வரை அடிக்கடி ஆயில் மாற்றிக்கொண்டே ஓட்டலாம். பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

திருப்புளி:
கரைவலை சொல்வது கடலில் இருப்பவர்களின் அவசரத்துக்கு வந்த பழக்கம், எனக்கும் புரிகிறது. ஆனால் கேட்டவர் கேட்டது எந்த வழியாகத் தண்ணீர் போகிறது என்று. ஆயிலை மாற்றுவது அதற்கு விடை ஆகாது. அதோடு தண்ணீர் கலந்த ஆயில் ஓடும்போது செய்யும் கெடுதலைவிட எஞ்சின் சும்மா நிற்கும்போது செய்யும் கெடுதல்தான் பெரியது. நிற்கும்போது தண்ணீர் மெல்லப் பிரிந்து அடியில் தங்குகிறது, அங்கே இருக்கும் பேரிங்கில் துரு பிடிக்கிறது, உருளையின் முகத்தில் சின்னச் சின்னக் குழி விழுகிறது. குழி விழுந்த பேரிங் அப்புறம் எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் சரியாகாது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், கியரை மூடியிருக்கும் கியர்கேஸ் விரிசல் விட அது போதும்.

நீர்க்கோடு, உங்கள் காந்தத்தில் இருக்கும் கறுப்புப் பசை சாதாரணத் தேய்மானம், அதற்குக் கவலைப்படாதீர்கள். ஊசி மாதிரி, செதில் மாதிரி ஏதாவது பளபளத்தால்தான் கியரையோ பேரிங்கையோ திறந்து பார்க்கும் நிலைமை.

முதலில் சில கேள்வி. ஆயிலை இறக்கியது எஞ்சின் ஓடி முடித்த உடனேயா, நிறுத்தி வைத்திருந்து அப்புறமா? மேல் ஸ்க்ரூவைத் திறந்தபோது ஆயில் மட்டம் எப்படி இருந்தது, பொங்கி வழிந்ததா, குறைந்திருந்ததா? ஸ்க்ரூ இரண்டிலும் இருந்த வாஷர் எந்த நிலையில் இருக்கிறது?

நீர்க்கோடு:
ஓட்டி முடித்துக் கரையேற்றிய கொஞ்ச நேரத்தில் இறக்கினேன். கீழ் ஸ்க்ரூவை முதலில் கழற்றியதால் மட்டம் பார்க்கவில்லை. வாஷர் இரண்டும் சப்பையாகி, ஒன்றின் ஓரம் கிழிந்திருக்கிறது. இறக்கிய ஆயிலைக் கண்ணாடி ஜாடியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

திருப்புளி:
ஜாடியில் எடுத்து வைத்தது ரொம்ப நல்லது, அதைக் கொட்டிவிடாதீர்கள். ஓடி முடித்த சூட்டில் இறக்கும் ஆயிலில் காற்றுக் குமிழியும் கலந்திருக்கும். அதுவும் மங்கலாகத்தான் தெரியும், புதிதாகப் பார்ப்பவருக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஜாடியை ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். காற்று என்றால் மேலே ஏறிப் போய்விடும், ஆயில் தெளிந்துவிடும். தண்ணீர் என்றால் வெளுப்பு அப்படியே நிற்கும், அல்லது அடியில் தனிப் படலம் கட்டும். படகு எஞ்சினுக்கான கியர் ஆயிலில் தண்ணீரோடு கலந்து நிற்கும் சேர்மானம் போடுவார்கள், அதனால் தெளிவாகப் பிரியாமலே நாள்கணக்கில் வெள்ளையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. பிரியவில்லை என்பதற்காகத் தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்த முறைக்கு ஒன்று. ராத்திரி முழுக்க எஞ்சினை நேராக நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் மேல் ஸ்க்ரூவைத் தொடாமல் கீழ் ஸ்க்ரூவை மட்டும் அரைச் சுற்று, முக்கால் சுற்று தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். அடியில் நின்றிருந்தால் முதல் சொட்டுகள் தண்ணீராகவே வரும். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்தால் ஆயில் எது, தண்ணீர் எது என்று அப்போதே தெரிந்துவிடும். ஸ்க்ரூவை முழுக்கக் கழற்றிவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டி இந்தத் தகவல் போய்விடும்.

பாய்மரம்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் எஞ்சினில் ஆயில் நீலப்பச்சையாக இருக்கிறது. அது கெட்டுப்போனதா?

திருப்புளி:
சில கம்பெனிகளின் ஆயில் டப்பாவிலேயே அந்த நிறம்தான் தம்பி. புது ஆயிலை ஒரு சொட்டு வெள்ளைத் தட்டில் விட்டு, பழையதை அதன் பக்கத்தில் விட்டுப் பாருங்கள். நிறம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, சொட்டின் ஊடே தட்டு தெரிகிறதா என்பதுதான் கேள்வி. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் அது சூட்டில் வெந்த ஆயில், தண்ணீர் விவகாரம் இல்லை.

அளவுகோல்:
அந்த வேர்வைத் தண்ணீர் கதையை ஒரு தடவை கணக்குப் போட்டு முடித்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதைச் சொல்லிக் கேட்டவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கியர்கேஸில் ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்று இடம் கொஞ்சம்தான். தாராளமாக 50 மில்லி என்றே வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் ஈரத்தால் முழுக்க நிறைந்த காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவி வைத்திருக்கும். 50 மில்லிக்குக் கணக்குப் போட்டால் 1.5 மில்லிகிராம். ஒரு சாதாரணச் சொட்டுத் தண்ணீரே 50 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வரும். ஆக உள்ளே இருக்கும் ஈரம் மொத்தமும் வேர்த்து விழுந்தாலும் ஒரு சொட்டில் முப்பதில் ஒரு பங்கு. அதுவும் மூடிய கேஸ், தினமும் புதுக்காற்று உள்ளே போய் வருவதில்லை. இந்த அளவு நீர் ஆயிலைப் பால் மாதிரி வெளுக்க வைக்காது. வெளுத்திருந்தால் எங்கேயோ வழி இருக்கிறது.

ஒருவேளை தினமும் புதுக்காற்று போய் வருகிறது என்று யாராவது சொன்னால், அந்தக் காற்று போகும் ஓட்டையைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கரைவலை:
கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வர வேண்டாமா? என்னுடைய எஞ்சினில் ஒரு சொட்டு ஆயில்கூட வெளியே கசியாமல் உள்ளே மட்டும் வெளுத்தது. அதனால்தான் நான் வேர்வை என்று நம்பினேன்.

அளவுகோல்:
நல்ல கேள்வி, விஷயத்தின் மையமே இதுதான். சீலின் உதடு ஒரு பக்கம் இருந்து அழுத்தினால் ஷாஃப்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், மறுபக்கம் இருந்து அழுத்தினால் தளர்ந்து வழி விடும். அப்படித்தான் அதன் அமைப்பு. அதனால் உள்ளே இருந்து ஆயிலை நன்றாகத் தடுக்கிற அதே இடம் வெளியே இருந்து தண்ணீரை விட்டுவிடலாம்.

இப்போது வெப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஓடும்போது கேஸ் சூடாகிறது, உள்ளே காற்றும் ஆயிலும் விரிந்து அழுத்தம் ஏறுகிறது. எல்லாம் இறுக்கமாக இருந்தால் ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பும், ஒன்றும் ஆகாது. ஆனால் சூட்டில் கொஞ்சம் காற்று எங்காவது தப்பித்துவிட்டால், ஆறும்போது உள்ளே வெற்றிடம் விழும். காற்று 70 டிகிரியில் இருந்து 25 டிகிரிக்கு இறங்கினால் கெல்வினில் அது 343ல் இருந்து 298, அதாவது அழுத்தம் சுமார் 13 சதவீதம் குறைகிறது. பாதரசக் கணக்கில் கிட்டத்தட்ட 4 அங்குலம். ஆயிலும் சுருங்குவதால் நிஜத்தில் இன்னும் கூடும். இந்த உறிஞ்சல் நடக்கும் நேரம் எது? வேகமாக ஓட்டி வந்து எஞ்சினை அணைத்து, அதன் கீழ்ப்பகுதி குளிர்ந்த தண்ணீருக்குள் நிற்கும் நேரம். காற்று தப்பிப் போன அதே வழியில் தண்ணீர் உள்ளே வருகிறது. நிறுத்தி வைத்திருக்கும் இடத்தில் தண்ணீரின் ஆழம் அரை மீட்டர் என்றால் அதன் அழுத்தமும் 0.05 பார் சேர்ந்துகொள்ளும்.

வெளியே ஆயில் கசியாமல் உள்ளே தண்ணீர் ஏறுவது இப்படித்தான். நம்மில் பலர் அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டு "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று மூடிவிடுவதும் இதனால்தான் தப்பாகப் போகிறது. உறிஞ்சும் சோதனையும் செய்தே ஆக வேண்டும்.

திருப்புளி:
அளவுகோல் சொன்னதற்கு மேல் நான் கையால் செய்யும் வேலையைச் சொல்கிறேன். நீர்க்கோடு, புது ஆயில் ஊற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், இப்போது கேஸ் காலியாக இருப்பது வசதி.

முதலில் ப்ரொப்பல்லரைக் கழற்றுங்கள். கில் சுவிட்ச் கிளிப்பை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் பிடுங்கி வைத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். ப்ரொப்பல்லருக்குப் பின்னால் இருக்கும் த்ரஸ்ட் வாஷரையும் எடுத்து, ஷாஃப்ட் கேஸுக்குள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தூண்டில் நரம்பு, வலைத்துண்டு, நைலான் நூல் ஏதாவது சுற்றியிருக்கிறதா? நரம்பு சுற்றிச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி, ஷாஃப்டின் மேல் ஒரு வளையம் மாதிரி படிந்திருக்கும். பார்த்தால் பிளாஸ்டிக் புஷ் என்றே தோன்றும், நகத்தால் சுரண்டினால் இழை இழையாகப் பிரியும். இது சீலின் உதட்டை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சீல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுதான் அதிகம், அதனால்தான் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்கிறார்கள்.

ப்ரொப்பல்லரின் நடுப்பகுதியான ஹப் பக்கம் கறுப்பாக எண்ணெய்ப் பசை இருந்தால் உடனே கியர் ஆயில் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுடையது டூ ஸ்ட்ரோக், புகை ஹப் வழியாக வெளியேறுகிறது, எரியாத டூடி (2T) எஞ்சின் ஆயிலும் கரியும் அங்கே படிவது இயல்பு. துடைத்து முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு.

அடுத்தது ஸ்க்ரூ வாஷர். ஓரம் கிழிந்தது என்று சொன்னீர்களே, அதுவே ஒரு வழியாக இருக்கலாம். அந்த வாஷர் ஒரு முறைக்குத்தான், ஆயில் மாற்றும்போதெல்லாம் புதிது போட வேண்டும். சின்னச் சாமான் என்று பலர் பழையதையே மறுபடி மாட்டுகிறார்கள். புது வாஷர் போட்டுவிட்டு, ஸ்க்ரூ உட்காரும் முகத்தில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சோதனை. கீழ் ஸ்க்ரூவைப் புது வாஷரோடு இறுக்குங்கள். மேல் ஓட்டையில் கேஜ் உள்ள கைப்பம்பை மாட்டுங்கள். மரை அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, பொருந்தாத அடாப்டரைத் திணித்து அலுமினியத்தின் மரையைக் கெடுத்துவிடாதீர்கள். கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம், ஒரு நொடி கை தவறினால் நல்ல சீலும் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். முதலில் 3 முதல் 5 பிஎஸ்ஐ மட்டும் கொடுத்து நிறுத்துங்கள். சில கசிவு குறைந்த அழுத்தத்தில்தான் தெரியும், அழுத்தம் ஏறினால் உதடு இறுகி மறைந்துவிடும். அது நின்றால் மெல்ல ஏற்றுங்கள். கையேடுகளில் பெரும்பாலும் 10 முதல் 15 பிஎஸ்ஐக்குள் சொல்லியிருப்பார்கள், உங்கள் மாடலுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதைத் தாண்டாதீர்கள். அழுத்தம் இருக்கும்போதே ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள், முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள், கியர் மாற்றும் ராடை (ஷிஃப்ட் ராடு) அசையுங்கள். அசையாமல் இருக்கும்போது பிடித்து நிற்கும் சீல் சுற்றும்போது விட்டுவிடும். கேஜ் முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். லோயர் யூனிட்டை (கியர்கேஸ் இருக்கும் கீழ்ப்பகுதி) கழற்றியிருந்தால் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தியே பார்த்துவிடலாம். முள் இறங்குகிறது ஆனால் எங்கேயும் குமிழி இல்லை என்றால் முதலில் உங்கள் பம்பு இணைப்பைச் சந்தேகப்படுங்கள்.

அழுத்தம் நின்றுவிட்டால் அதோடு விடாதீர்கள். பம்பை உறிஞ்சும் பக்கம் மாற்றி 3 முதல் 5 அங்குலப் பாதரசம், அது நின்றால் 15 வரை. அளவுகோல் போட்ட கணக்கில் வந்த 4 அங்குலம் இந்த முதல் படியில்தான் விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

பாய்மரம்:
அண்ணா, உறிஞ்சும்போது குமிழி வெளியே வராதே. எந்த இடம் என்று எப்படித் தெரியும்?

திருப்புளி:
சந்தேகப்படும் சீலைச் சுற்றிக் கெட்டி ஆயிலைத் தாராளமாக விடுங்கள். முள் இறங்குவது நின்றாலோ, விட்ட ஆயில் கண்ணெதிரே உள்ளே இழுபட்டாலோ அதுதான் இடம். ஒவ்வோர் இடமாகச் செய்ய வேண்டும். ஒரு இடத்தில் விட்டுப் பார்த்து முடிவு தெரிந்த பிறகு அடுத்த இடம். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விட்டால் எது என்று தெரியாமல் போகும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, பழைய ஜான்சன், எவின்ரூட் கம்பெனி எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு. சில மாடல்களில் ஆயில் இறக்கும் கீழ் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அது ஆயிலுக்கானது இல்லை, உள்ளே கியர் மாற்றும் இணைப்பைத் தாங்கும் பின். அதைக் கழற்றினால் இணைப்பு உள்ளே நழுவி, லோயர் யூனிட்டைப் பிரித்துத்தான் சரி செய்ய வேண்டியிருக்கும். தட்டையான பள்ளம் உள்ள பெரிய ஸ்க்ரூதான் ஆயிலுக்கு.

கரைவலை:
இந்தச் சோதனைக்கெல்லாம் சாமான் இல்லாதவர்கள் என்ன செய்வது? எல்லாரிடமும் வாக்யூம் பம்பு இருக்காது.

அளவுகோல்:
வண்டி பிரேக்கில் காற்று எடுக்கும் கைப்பம்பு இருந்தால் உறிஞ்சும் பாதி முடிந்தது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேறு வழியும் இருக்கிறது. சூடான தட்டில், 130 முதல் 150 டிகிரி சூட்டில், ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடித்துக் குமிழி விடும். 0.1 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தாலே சத்தம் தெரியும், கண்ணால் வெளுப்பு தெரியாத ஆயிலுக்குக்கூட இது உதவும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், திறந்த தீ வேண்டாம், ஒரு சொட்டுக்கு மேல் விடாதீர்கள். பரிசோதனைக் கூடத்துக்கு ஆயிலை அனுப்ப முடிந்தால் கார்ல் ஃபிஷர் முறையில் தண்ணீர் எவ்வளவு என்று எண்ணாகவே சொல்வார்கள். சோடியம் கூடியிருந்தால் கடல்நீர் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் இதெல்லாம் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும், வழியைச் சொல்லாது. வழிக்குக் கேஜ்தான்.

நீர்க்கோடு:
ஜாடி ஒரு நாள் நின்ற பிறகும் வெளுப்பு போகவில்லை, அடியில் மெல்லிய நீர்ப் படலம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுத்து தெரியும் அளவுக்குத் தெளிவாக நிற்கிறது. ஆக தண்ணீர்தான்.

ப்ரொப்பல்லரைக் கழற்றினேன். நரம்பு எதுவும் இல்லை, ஷாஃப்ட் பளிச்சென்று இருக்கிறது, சீல் உதடு கிழியவில்லை. இரண்டு ஸ்க்ரூவுக்கும் புது வாஷர். லோயர் யூனிட்டைக் கழற்றிப் பலகையில் நேராகக் கட்டி வைத்துக்கொண்டு சோதித்தேன். 4 பிஎஸ்ஐயில் முள் அசையவில்லை. கையேட்டு அளவுவரை ஏற்றினேன், ஷாஃப்டைச் சுற்றினேன், ராடை ஆட்டினேன், நின்றது. இதோடு நிறுத்தியிருந்தால் வாஷர்தான் காரணம் என்று முடிவு கட்டியிருப்பேன். உறிஞ்சலுக்கு மாற்றி 4 அங்குலம் வைத்தேன், ட்ரைவ்ஷாஃப்டை (எஞ்சினிலிருந்து கீழே கியருக்கு வரும் ஷாஃப்ட்) சுற்றியதும் முள் மெல்ல மெல்லச் சரிந்தது. ப்ரொப்பல்லர் பக்கம் ஆயில் விட்டும் சரிவு நிற்கவில்லை. ஷிஃப்ட் ராடைச் சுற்றிலும் ஆயில் விட்டேன், அப்போதும் நிற்கவில்லை.

திருப்புளி:
மிச்சம் இருப்பது ட்ரைவ்ஷாஃப்ட் சீல், வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும். பம்பைக் கழற்றாமல் ஆயில் அங்கே போய்ச் சேராது. இம்பெல்லர் உறை, அடித்தட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சீல் தெரியும் இடத்தில் விட்டுப் பாருங்கள். இம்பெல்லர் வேலைக்குப் பிறகுதான் வெளுத்தது என்று முதலிலேயே சொன்னீர்கள், அதனால் சந்தேகம் அந்தப் பக்கம் போவது நியாயம்தான். ஆனாலும் கேஜ் சொல்லும்வரை அந்த வேலை செய்தவர் மேல் பழி போட வேண்டாம். சீல் வயதாகி ரப்பர் கடினமானாலும் இதே மாதிரிதான் காட்டும்.

நீர்க்கோடு:
பம்பைக் கழற்றிவிட்டேன். ட்ரைவ்ஷாஃப்டைச் சுற்றிக் குழி மாதிரி இருக்கும் இடத்தில் ஆயிலை நிரப்பி உறிஞ்சல் வைத்தேன். ஷாஃப்டைச் சுற்றச் சுற்ற ஆயில் மட்டம் கண்ணெதிரே இறங்கியது, முள்ளும் நின்றது. சீல் இங்கேதான்.

ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன். சீல் உதடு உரசும் இடத்தில் ஷாஃப்டில் வளையமாக ஒரு தடம். துடைத்துவிட்டு நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அந்தத் தடத்தில் நகம் லேசாக மாட்டுகிறது. புது சீல் மட்டும் போட்டால் போதுமா?

கரைவலை:
நகம் மாட்டினால் ஷாஃப்டையே மாற்று என்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

திருப்புளி:
உடனே ஷாஃப்ட் மாற்ற வேண்டியதில்லை. புது சீல் உதடு அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நாளில் இதே கதைதான், அதனால் உதடு பள்ளத்தில் உட்காராதபடி செய்ய வேண்டும். சீல் உட்காரும் குழியில் இடம் இருந்தால், ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ சீலை அழுத்தி உட்கார வைத்து உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். சீலின் வெளிவட்டம் முழுக்கக் குழியின் சுவரில் படிகிறதா, பக்கத்துச் சீலையோ பேரிங்கையோ இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். இன்னொரு வழி, தேய்ந்த ஷாஃப்டுக்கு மேல் மாட்டும் மெல்லிய எஃகு ஸ்லீவ். அந்த விட்டத்துக்குக் கிடைத்தால் நல்ல வழி. நகம் மாட்டுவதோடு நிற்காமல் தடத்தின் ஓரத்தில் துரு அரித்துக் குழி குழியாக இருந்தால் மட்டும் கரைவலை சொன்ன மாதிரி ஷாஃப்ட் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

பழைய சீலை எடுப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலும் இரண்டு சீல் இருக்கும், ஒன்று ஆயிலை உள்ளே வைக்க, மற்றது தண்ணீரை வெளியே வைக்க. சில மாடல்களில் உதடுகள் எதிரெதிரே பார்க்கும், சிலவற்றில் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும். பழையது எப்படி இருந்தது, கையேட்டின் படம் என்ன சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் புதியதை அழுத்தாதீர்கள். இரண்டு உதடுகளுக்கும் நடுவில் மரைன் கிரீஸ் அடைத்துவிடுங்கள். ஷாஃப்டை மறுபடி நுழைக்கும்போது மேலே இருக்கும் ஸ்ப்லைன் பல், இம்பெல்லர் சாவிக்கான பள்ளம் இவற்றின் கூர்மை உதட்டைக் கீறாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வழுக்கிவிடுங்கள். புது சீல் போட்ட அன்றே கீறல் விழுவது இந்த இடத்தில்தான்.

ஒரு யோசனை, பிரித்திருக்கும்போதே ஷிஃப்ட் ராடு சீலையும் ப்ரொப்பல்லர் பக்கம் சீலையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஷிஃப்ட் ராடு சீலை மாற்றுங்கள், கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. ப்ரொப்பல்லர் பக்கத்துக்குப் பேரிங் கேரியரையே (அந்த ஷாஃப்டின் பேரிங்கைத் தாங்கும் உறை) வெளியே இழுக்க வேண்டும், பழைய எஞ்சினில் அது உப்பரித்து இறுகியிருக்கும், உள்ளே இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு (ஷிம்) இருந்தால் அதன் கணக்கும் கலையலாம். உங்கள் சோதனையில் அந்தப் பக்கம் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டது. நான் என்றால் அதைத் தொட மாட்டேன்.

அளவுகோல்:
கடைசிக் கருத்தில் நான் மாறுபடுகிறேன். சீல்கள் எல்லாம் ஒரே வயது. ஒன்று கடினமாகிவிட்டால் மற்றதும் அந்த வழியில்தான் இருக்கும்.

திருப்புளி:
வயது ஒன்று, ஆனால் நிலைமை ஒன்று இல்லை. ட்ரைவ்ஷாஃப்ட் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைவிடச் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது, அதன் சீல் முதலில் தேயும். கேரியரை இழுக்கும்போது காதோ விளிம்போ உடைந்தால் நல்லதாக இருந்த பக்கத்தைக் கெடுத்த மாதிரி ஆகிவிடும். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது ப்ரொப்பல்லர் பக்கத்தை மறுபடி சோதித்துக்கொள்ளட்டும்.

அளவுகோல்:
சரி, சோதிப்பதாக இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். சோதிக்காமல் விடுபவர்களை நினைத்துத்தான் சொன்னேன்.

நீர்க்கோடு:
தெளிவாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. ட்ரைவ்ஷாஃப்ட் சீல் இரண்டும், ஷிஃப்ட் ராடு சீலும் மாற்றுகிறேன், சீலைக் கொஞ்சம் இறக்கி உட்கார வைக்க இடம் இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம். உள்ளே கியரிலும் பேரிங்கிலும் ஒட்டியிருக்கும் வெளுத்த ஆயிலை எப்படி எடுப்பது? அது இருந்தால் அடுத்த முறை திறக்கும்போது புதுக் கசிவா பழைய மிச்சமா என்று குழப்பம் வருமே.

திருப்புளி:
வரும். அதனால் இப்படிச் செய்யுங்கள். சீல் மாட்டியதும் ஆயில் ஊற்றுவதற்கு முன்னால் மறுபடி அழுத்தம், உறிஞ்சல் இரண்டு சோதனையும். நின்றால், கையேடு சொல்லும் தரத்தில் புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகப் பம்பில் ஏற்றுங்கள். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும்வரை ஏற்றி, முதலில் மேல் ஸ்க்ரூவை மூடிவிட்டு அப்புறம் பம்பை எடுத்துக் கீழ் ஸ்க்ரூவைச் சட்டென்று மாட்ட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று மாட்டிக்கொண்டு மட்டம் குறையும்.

எஞ்சினில் மாட்டி, தண்ணீரில் நிறுத்தி, கியர் போட்டுக் குறைந்த வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அந்த ஆயிலை அப்படியே இறக்கிவிடுங்கள். இது கழுவுவதற்கான ஆயில், லேசாக மங்கி வந்தால் பயப்பட வேண்டாம். அப்புறம் இரண்டாவது முறை நிரப்புவதுதான் ஓட்டுவதற்கானது. கொஞ்ச நாள் ஓடிய பிறகு, ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் கீழ் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி வெள்ளைத் தாளில் முதல் சொட்டைப் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் வழக்கமான இடைவெளிக்குப் போய்விடலாம். பல கையேடுகளில் அது 100 மணி நேரம் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது. மங்கலாக இருந்தால் ஆயிலை இறக்கிவிட்டு ப்ரொப்பல்லர் பக்கத்தில் கேஜை வைத்துப் பார்க்கலாம், முடிவை இங்கே எழுதுங்கள். கழுவிய ஆயிலையும் பழைய ஆயிலையும் தண்ணீரில் கொட்டாமல் மூடிய டப்பாவில் சேர்த்துக் கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.